முதல் டேட்டாபேஸ்: எதை எடுப்பது, எதைப் பிறகு பார்த்துக்கொள்வது

நிரல் எழுதப் பழகும் ஒருவர் முதல் உருப்படியான புராஜெக்டில் கை வைக்கும்போதே டேட்டாபேஸ் பெயர்கள் வரிசை கட்டி வந்துவிடும். எஸ்கியூலைட், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், மோங்கோடிபி, ரெடிஸ், ஃபயர்ஸ்டோர். பெரிய கம்பெனிகளில் எது ஓடுகிறது, எதற்கு வேலை அதிகம் என்று தேடிப் பார்த்து முடிவெடுப்பதுதான் பலரின் வழக்கம். ஆனால் கோடிக்கணக்கான பயனர்களைச் சமாளிக்கும் நிறுவனத்தின் தேவை வேறு, உங்கள் மடிக்கணினியில் ஓடப்போகும் முதல் புராஜெக்டின் தேவை வேறு.

எங்கள் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எஸ்கியூலைட்டில் தொடங்குங்கள். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்க உதவும் எஸ்கியூஎல் மொழியை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள். தேவை வரும்போது போஸ்ட்கிரெஸுக்கு மாறுங்கள். மற்றவை எதற்கு என்று தெரிந்திருந்தால் இப்போதைக்குப் போதும். இதற்கான காரணங்களும், செய்யும் முறையும், எங்கெங்கே இடிக்கும் என்பதும் கீழே.

பெயரைப் பார்க்கும் முன் தரவைப் பாருங்கள்

பேச்சுக்கு ஒரு டியூஷன் சென்டரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். 150 மாணவர்கள், 6 பேட்ச், மாதாமாதம் கட்டணம், யார் கட்டியாயிற்று, யார் பாக்கி. இதற்கு டேட்டாபேஸ் தேட மூன்று கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: ஒரே நொடியில் எத்தனை பேர் எழுதுவார்கள்? படிப்பதைச் சொல்லவில்லை, எழுதுவதை. சென்டரில் ஒருவரோ இருவரோதான் கட்டணத்தைப் பதிவார்கள். இரண்டாவது: தரவு எந்தக் கணினியில் இருக்கும்? நிரலும் தரவும் ஒரே கணினியிலா, அல்லது பல கணினிகளிலிருந்து நெட்வொர்க் வழியாக எட்ட வேண்டுமா? மூன்றாவதுதான் முக்கியமானது: அந்தத் தரவிடம் என்ன கேட்கப் போகிறீர்கள்? “ஜூலைக் கட்டணம் பாக்கி உள்ள பத்தாம் வகுப்பு மாணவர்கள் யார் யார்” என்ற கேள்விக்கு மாணவர், பேட்ச், கட்டணம் ஆகிய மூன்றையும் இணைத்துப் பார்க்க வேண்டும். இப்படி இணைத்துக் கேட்கும் கேள்விகள் இருந்தால் உங்களுக்கு வேண்டியது, தரவை ஒன்றோடொன்று இணைக்கக்கூடிய டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் டேட்டாபேஸ். புதியவர்களின் புராஜெக்டுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

அளவைப் பற்றிய பயம் வேண்டாம். 150 மாணவருக்கு மாதம் ஒரு கட்டணம் என்றால் ஆண்டுக்கு 1,800 வரிசைகள், பத்தாண்டில் 18,000. இங்கே பேசப்போகும் எந்த டேட்டாபேஸுக்கும் இது ஒரு பொருட்டே இல்லை. சில லட்சம் வரிசைகள்கூட, தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் சரியாக இருந்தால், சாதாரண மடிக்கணினியில் நொடிக்குள் பதில் தரும்.

எக்செல் போதாதா? ஒருவர் மட்டும் பார்க்கும் சின்னக் கணக்குக்குப் போதும். ஆனால் எக்செல் தவறைத் தடுக்காது, சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, ஆய்வகங்களிலிருந்து வந்த கோவிட் முடிவுகளைப் பழைய எக்செல் கோப்பு வடிவில் ஏற்றியது. அந்த வடிவம் ஒரு ஷீட்டில் 65,536 வரிசைகளுக்கு மேல் தாங்காது. மிஞ்சியவை விடுபட்டு, 15,841 பாசிட்டிவ் முடிவுகள் சில நாட்கள் கணக்கிலேயே வராமல் போயின. டேட்டாபேஸாக இருந்தால் ஒன்று எல்லாவற்றையும் ஏற்றியிருக்கும், அல்லது பிழை காட்டி நின்றிருக்கும்.

ஏன் எஸ்கியூஎல்

ஐபிஎம்மில் பணிபுரிந்த எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பிறந்தது ரிலேஷனல் முறை. அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-இல் அதற்கான மொழியை வகுத்தார்கள். ஐம்பது ஆண்டுகளில் ஃபிரேம்வொர்க்குகள் எத்தனையோ வந்து போய்விட்டன. செலக்ட் (எடுத்தல்), குரூப் பை (தொகுத்தல்) போன்ற அடிப்படைகள் அப்படியே இருக்கின்றன. எஸ்கியூலைட்டில் கற்றதில் பெரும்பகுதி போஸ்ட்கிரெஸிலும் மைஎஸ்கியூஎல்லிலும் செல்லும். நீங்கள் செலவிடும் நேரத்துக்கு இதைவிட நீண்ட காலம் பலன் தரும் பாடம் இந்தத் துறையில் குறைவு.

கற்கும் வரிசையும் முக்கியம். முதலில் டேபிள் உருவாக்குதல், சேர்த்தல், எடுத்தல், திருத்தல், நீக்கல். அடுத்து வேர் (WHERE) நிபந்தனைகள், வரிசைப்படுத்தல். பிறகு டேபிள்களை இணைக்கும் இன்னர் ஜாயின், லெஃப்ட் ஜாயின். பிறகு குரூப் பை, ஹேவிங். கடைசியாக, பல மாற்றங்களை மொத்தமாக நடத்தும் அல்லது மொத்தமாகக் கைவிடும் டிரான்ஸாக்‌ஷன். இவற்றில் லெஃப்ட் ஜாயினில் கூடுதலாக நேரம் செலவிடுங்கள். “கட்டாதவர்கள் யார்” என்ற கேள்விக்கு இன்னர் ஜாயின் பதில் தராது. கட்டண டேபிளில் இல்லாத மாணவரை அது பட்டியலிலிருந்தே எடுத்துவிடும். லெஃப்ட் ஜாயின் போட்டு, கட்டணப் பக்கம் நல் (NULL, மதிப்பு இல்லை) ஆக இருப்பவர்களை எடுக்க வேண்டும். ஜூலை மாதம் என்ற நிபந்தனையை ஜாயினின் ஆன் (ON) பகுதியிலேயே எழுதுங்கள். வேர் பகுதிக்குக் கொண்டுபோனால் கட்டாதவர்கள் மறுபடியும் காணாமல் போவார்கள், ஏனென்றால் நல் எந்த மாதத்துக்கும் சமமாகாது.

எஸ்கியூலைட்டில் தொடங்குதல்

ரிச்சர்ட் ஹிப் 2000-இல் வெளியிட்ட எஸ்கியூலைட் தனி சர்வராக ஓடுவதில்லை. உங்கள் நிரலுக்குள்ளேயே நூலகமாக உட்கார்ந்து, முழு டேட்டாபேஸையும் ஒரே கோப்பில் வைக்கிறது. உங்கள் கைபேசியிலேயே, அது ஆண்ட்ராய்டோ ஐஃபோனோ, இது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம், உரிமச் சிக்கல் இல்லை.

பைத்தான் வைத்திருப்பவர்கள் எதையும் தனியாக நிறுவ வேண்டாம். எஸ்கியூலைட்3 மாட்யூல் பைத்தானோடு வருகிறது. கோப்பைத் திறந்ததும் செய்ய வேண்டியவை:

1. ஒரு டேபிள் சுட்டும் வரிசை மற்ற டேபிளில் உண்மையில் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபாரின் கீ சோதனையை இயக்குங்கள். பழைய நிரல்கள் உடையாமலிருக்க, எஸ்கியூலைட்டில் இது இயல்பாக அணைந்தே இருக்கும். அதற்கான பிராக்மா (அமைப்பை மாற்றும்) கட்டளையைக் கோப்புக்கு ஒருமுறை கொடுத்தால் போதாது, ஒவ்வொரு கனெக்‌ஷனைத் திறக்கும்போதும் கொடுக்க வேண்டும். மறந்தால், இல்லாத மாணவருக்குக் கட்டணம் பதிவாகும், பிழையும் வராது.
2. ஜர்னல் முறையை (மாற்றங்களைப் பதியும் முறை) வால் (WAL) ஆக மாற்றுங்கள். இது கோப்பிலேயே நிலைத்துவிடும், ஒருமுறை போதும். அதன் பின் ஒருவர் எழுதும்போதும் மற்றவர்கள் படிக்கலாம்.
3. டேபிள் உருவாக்கும் கட்டளையின் இறுதியில் ஸ்ட்ரிக்ட் என்று சேர்த்துவிடுங்கள். 2021-இல் வந்த 3.37 பதிப்பிலிருந்து இது உண்டு.

மூன்றாவதன் காரணத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஸ்ட்ரிக்ட் இல்லாத டேபிளில் புலத்தின் வகை ஒரு விருப்பம் மட்டுமே, கட்டாயம் அல்ல. முழு எண் என்று அறிவித்த தொகைப் புலத்தில் “ரூ.500” என்று யாராவது தட்டினால் எஸ்கியூலைட் அதை எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். மாதக் கடைசியில் சம் போட்டுக் கூட்டும்போது அந்த வரிசை பூஜ்யமாகக் கணக்காகும். மொத்தத்தில் 500 குறையும், எங்கே குறைந்தது என்று தேடுவதில் ஒரு மாலை போய்விடும். ஸ்ட்ரிக்ட் இருந்தால் சேர்க்கும்போதே பிழை வரும்.

அடுத்து, புதியவர்கள் தவறாமல் சந்திக்கும் இரண்டு சிக்கல்கள். முதலாவது, “சேர்த்தேன், நிரலை மூடித் திறந்தால் தரவு இல்லை” என்பது. பைத்தான் மாட்யூல், சேர்த்தல் திருத்தல் கட்டளைகளுக்கு முன் தானாகவே டிரான்ஸாக்‌ஷனைத் தொடங்குகிறது. எழுதியதை உறுதி செய்யும் கமிட்டை அழைக்காமல் கனெக்‌ஷனை மூடினால் எழுதியது எல்லாம் ரத்தாகும். கனெக்‌ஷனை வித் பிளாக்கில் பயன்படுத்தினால் கமிட் தானாக நடக்கும். ஆனால் அது கனெக்‌ஷனை மூடாது, குளோஸ் தனியாக அழைக்க வேண்டும்.

இரண்டாவது, “டேட்டாபேஸ் இஸ் லாக்ட்” என்ற பிழை. எஸ்கியூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். மற்றவர் காத்திருப்பார், பைத்தானில் இயல்பான காத்திருப்பு 5 நொடி. அதற்குள் பூட்டு விலகாவிட்டால் இந்தப் பிழை. இதைப் பார்த்ததும் எஸ்கியூலைட் தாங்கவில்லை என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். பெரும்பாலும் காரணம் மிக அருகிலேயே இருக்கும்: டிபி பிரவுசரில் (எஸ்கியூலைட் கோப்பைத் திறந்து பார்க்கும் மென்பொருள்) அதே கோப்பைத் திறந்து, ஒரு கட்டத்தைத் திருத்திவிட்டு, மாற்றங்களை எழுதும் பொத்தானை அழுத்தாமல் சன்னலை அப்படியே விட்டிருப்பீர்கள். அந்தத் திருத்தம் முடியாத டிரான்ஸாக்‌ஷனாகப் பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை எழுதுங்கள் அல்லது ரத்து செய்யுங்கள், பூட்டு விலகும். அதுவும் இல்லையென்றால், உங்கள் நிரலில் டிரான்ஸாக்‌ஷனைத் திறந்து வைத்தபடி நெட்வொர்க் அழைப்போ பயனர் உள்ளீடோ நடக்கிறதா என்று பாருங்கள். டிரான்ஸாக்‌ஷனுக்குள் டேட்டாபேஸ் வேலை மட்டும்தான் இருக்க வேண்டும்.

எஸ்கியூலைட் கோப்பை நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டரில் வைத்துப் பல கணினிகளிலிருந்து திறக்காதீர்கள். அங்கே கோப்புப் பூட்டு நம்பகமாக வேலை செய்யாது, கோப்பே கெட்டுப்போகலாம். வால் முறை நெட்வொர்க் ஃபோல்டரில் இயங்கவே இயங்காது.

டேபிள் வடிவம்: உண்மையான வேலை இங்கேதான்

எந்த டேட்டாபேஸை எடுத்தாலும், டேபிள்களைத் தவறாக வடித்தால் ஆறே மாதத்தில் கழுத்தைப் பிடிக்கும். எஸ்கியூலைட்டிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு ஒரு வார இறுதியில் மாறிவிடலாம். தவறான வடிவத்திலிருந்து வெளியே வருவது அவ்வளவு எளிதல்ல.

டியூஷன் கணக்குக்கு நான்கு டேபிள்கள்: மாணவர், பேட்ச், சேர்க்கை, கட்டணம். சேர்க்கை எதற்கு? ஒரே மாணவர் கணக்கு பேட்சிலும் இயற்பியல் பேட்சிலும் இருப்பார். மாணவர் டேபிளில் பேட்ச்1, பேட்ச்2 என்று புலங்கள் போட்டால் மூன்றாவது பேட்ச் வரும் நாளில் டேபிளையே மாற்ற வேண்டும். “1,4,6” என்று ஒரே புலத்தில் காற்புள்ளி போட்டு எழுதினால், 4-ஐத் தேடும்போது 14-உம் வந்து நிற்கும். மாணவர் எண், பேட்ச் எண், சேர்ந்த தேதி மூன்றும் கொண்ட தனி டேபிள்தான் வழி. மாணவர் எண்ணும் பேட்ச் எண்ணும் சேர்ந்து யூனிக் என்று கட்டுப்பாடு போட்டுவிடுங்கள், ஒருவரே ஒரே பேட்சில் இருமுறை சேர மாட்டார்.

மாணவரின் பிரைமரி கீயாக (ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் புலம்) கைபேசி எண்ணை வைக்கும் ஆசை வரும். அண்ணன் தங்கை இருவரும் படித்தால் அப்பாவின் ஒரே எண்தான் இருவருக்கும். எண்ணும் மாறும். தானாகக் கூடும் முழு எண்ணையே கீயாக வையுங்கள்.

கைபேசி எண்ணை எழுத்து வகையில் வையுங்கள். இந்தியக் கைபேசி எண் 10 இலக்கம், 6 அல்லது அதற்கு மேல் தொடங்குவது. 32-பிட் முழு எண்ணின் உச்சம் 2,147,483,647. போஸ்ட்கிரெஸின் சாதாரண இன்டிஜர் புலத்தில் எந்தக் கைபேசி எண்ணும் அடங்காது. பெரிய இன்டிஜர் போட்டால் அடங்கும், ஆனால் 044 என்று தொடங்கும் சென்னைத் தரைவழி எண்ணின் முன்பூஜ்யம் போய்விடும். கூட்டல் கழித்தல் செய்யாத எதையும் எண் வகையில் வைக்கத் தேவையில்லை.

பணத்துக்கு ஃப்ளோட் கூடவே கூடாது. 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.30000000000000004 வரும் வகை அது. எஸ்கியூலைட்டில் பைசாவாக மாற்றி முழு எண்ணில் வையுங்கள். போஸ்ட்கிரெஸிலும் மைஎஸ்கியூஎல்லிலும் நியூமெரிக் வகை இருக்கிறது. மொத்தம் 12 இலக்கம், அதில் புள்ளிக்குப் பின் 2 என்றால் தாராளம்.

தேதியை 2025-07-15 என்ற வடிவில் வையுங்கள். எழுத்தாக வைத்தாலும் வரிசை சரியாக வரும். 15-07-2025 என்று வைத்தால் வராது. நேரமும் வேண்டுமென்றால் யுடிசியில் சேமித்து, காட்டும்போது 5 மணி 30 நிமிடம் கூட்டுங்கள். போஸ்ட்கிரெஸில் டைம்ஸோன் கொண்ட டைம்ஸ்டாம்ப் வகை இதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

பெயருக்கு முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டாயப் புலங்கள் வைக்கும் டுடோரியல்களை அப்படியே பின்பற்றாதீர்கள். நம் ஊரில் பலருக்கு இனிஷியல்தான் உண்டு, குடும்பப் பெயர் இல்லை. பெயர் என்று ஒரு புலம், இனிஷியல் என்று விருப்பப் புலம் ஒன்று, அவ்வளவு போதும்.

தமிழ் எழுத்துகளைச் சேமிப்பவர்கள் கவனிக்க

ஆங்கில டுடோரியல்களில் இந்தப் பகுதி இருக்காது, ஆனால் தமிழ்ப் பெயர்களைச் சேமிக்கும் யாருக்கும் இது வந்தே தீரும்.

முதலில் நீளம். “மீனாட்சிசுந்தரம்” என்பதில் நம் கண்ணுக்கு 9 எழுத்து. யூனிகோடில் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள், ஆகவே 16. யுடிஎஃப்-8 இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட், ஆகவே 48 பைட். போஸ்ட்கிரெஸில் லெங்த் 16 என்று சொல்லும். மைஎஸ்கியூஎல்லில் அதே பெயருள்ள ஃபங்க்‌ஷன் பைட்டை எண்ணி 48 என்று சொல்லும், அங்கே கேர்_லெங்த் போட்டால்தான் 16. பெயர்ப் புலத்தை 15 எழுத்துக்குள் சுருக்கினால் இந்தப் பெயர் நுழையாது. 100 என்று தாராளமாக வையுங்கள். போஸ்ட்கிரெஸில் வரம்பே இல்லாத டெக்ஸ்ட் வகையால் வேகம் குறையாது.

அடுத்து, பார்வைக்கு ஒன்றாகவும் டேட்டாபேஸுக்கு வேறாகவும் இருக்கும் எழுத்துகள். “கொ” என்பதை க-வும் ஒகரக் குறியும் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். க, எகரக் கொம்பு, கால் என மூன்றாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஒரு கீபோர்டில் தட்டிய “கொளத்தூர்” மற்றொன்றில் தட்டிய “கொளத்தூர்” உடன் பொருந்தாமல், தேடினால் வராமல் போகும். தீர்வு எளிது: சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் எழுத்தை என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவுக்கு மாற்றுங்கள். பைத்தானின் யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் உண்டு. போஸ்ட்கிரெஸ் 13 முதல் உள்ளேயே உண்டு.

மூன்றாவது அகர வரிசை. யூனிகோட் குறியீட்டு எண்கள் நம் வரிசையில் இல்லை. அங்கே ர-வுக்கு அடுத்து ற, பிறகு ல, ள, ழ, வ. எஸ்கியூலைட் இயல்பாக இந்த எண்களை வைத்தே வரிசைப்படுத்துவதால் வருகைப் பட்டியலில் “மறைமலை” முன்னேயும் “மலர்” பின்னேயும் வருவார்கள். போஸ்ட்கிரெஸில் தமிழுக்கான ஐசியு கொலேஷனை (வரிசை விதியை) ஆர்டர் பை உடன் கொடுத்தால் ல முன்னும் ற பின்னும் சரியாக வரும். எஸ்கியூலைட்டில் வரிசைப்படுத்தும் ஃபங்க்‌ஷனைப் பைத்தானிலிருந்து நீங்களே பதிவு செய்ய வேண்டும்.

மைஎஸ்கியூஎல் பயன்படுத்துவோர் பழைய டேபிள்களில் கேரக்டர் செட் என்னவென்று பாருங்கள். லத்தீன்1 என்றிருந்தால் தமிழ் கேள்விக்குறிகளாக மாறிவிடும், அல்லது பிழை வரும். அதன் யுடிஎஃப்8 என்ற பழைய பெயர் 3 பைட் வரை மட்டுமே தாங்கும். தமிழ் நுழைந்துவிடும், பெயரோடு ஒரு இமோஜி வந்தால் இடிக்கும். யுடிஎஃப்8எம்பி4 தான் சரி. 2018-இல் வந்த 8.0 முதல் இதுவே இயல்பு.

போஸ்ட்கிரெஸுக்கு எப்போது மாறுவது

சென்டர் மூன்று கிளைகளாகி, ஒவ்வொன்றிலும் தனிக் கணினியிலிருந்து பதிகிறார்கள் என்றால் மாற வேண்டிய நேரம். நெட்வொர்க் வழியாகப் பலர் எழுதும்போது சர்வர் வேண்டும். நிரலை இலவச ஹோஸ்டிங்கில் ஏற்றப் போகிறீர்கள் என்றாலும் மாறிவிடுங்கள். அத்தகைய பல தளங்களில் டிஸ்க் தற்காலிகமானது. அடுத்த டிப்ளாயில் (நிரலை மறுபடி ஏற்றும்போது) எஸ்கியூலைட் கோப்பு காணாமல் போகும், கூடவே எல்லாத் தரவும். “நேற்று வரை இருந்தது, இன்று காலியாக இருக்கிறது” என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

போஸ்ட்கிரெஸ் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986-இல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய திட்டம். வகைகளில் கறாரானது, கட்டற்ற மென்பொருள், ஆவணங்கள் மிகத் தெளிவு. டேபிள் மாற்றங்களையும் டிரான்ஸாக்‌ஷனுக்குள் செய்து, தவறானால் முழுவதும் திரும்பப் பெறலாம். மைஎஸ்கியூஎல்லில் இது முடியாது. பழகுபவருக்கு இது பெரிய பாதுகாப்பு.

கணினியில் டாக்கர் (மென்பொருளைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) வழியாக ஓட்டுவது வசதி, ஆனால் மூன்று இடங்களில் கவனம். இமேஜின் (கண்டெய்னருக்கான மூல வடிவம்) பெயரோடு பதிப்பு எண்ணை எழுதுங்கள், லேட்டஸ்ட் என்று விடாதீர்கள். ஆண்டுக்கொரு பெரிய பதிப்பு வருகிறது, ஒன்றின் தரவு ஃபோல்டரை அடுத்தது நேரடியாகத் திறக்காது. தரவைக் கண்டெய்னருக்கு வெளியே வைக்கும் வால்யூம் ஒன்றைக் கட்டாயம் இணையுங்கள், இல்லாவிட்டால் கண்டெய்னரை நீக்கிப் புதிதாக ஓட்டும்போது பழைய தரவு அதில் இருக்காது. வால்யூமை எந்தப் பாதையில் இணைப்பது என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறியிருப்பதால் அந்த இமேஜின் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பாஸ்வேர்டு: சூழல் மாறியில் கொடுக்கும் பாஸ்வேர்டு முதல்முறை தரவு ஃபோல்டர் உருவாகும்போது மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும். பிறகு அதை மாற்றி எத்தனை முறை ஓட்டினாலும் பழையதுதான் செல்லும். புதியதைக் கொடுத்தும் “பாஸ்வேர்டு தவறு” என்று வந்தால் இதைப் பாருங்கள். ஆல்டர் யூசர் கட்டளையால் மாற்றலாம்.

கனெக்‌ஷன் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு, இயல்பாக 100. ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் போஸ்ட்கிரெஸ் தனி புராஸெஸ் ஒன்றைத் தொடங்குகிறது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாகத் திறந்து மூட மறந்தால் விரைவில் கதவு சாத்தப்படும். வரம்பை ஏற்றுவது தீர்வல்ல. நிரலில் கனெக்‌ஷன் பூல் (திறந்தவற்றையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் தொகுப்பு) வையுங்கள், தொடக்கத்தில் 5 முதல் 10 போதும்.

மைஎஸ்கியூஎல்லோ அதிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபியோ எடுக்க நல்ல காரணங்களும் உண்டு. வேர்ட்பிரஸ் நடத்துகிறீர்கள், குறைந்த விலை ஷேர்டு ஹோஸ்டிங்கில் அதுதான் கிடைக்கிறது, அல்லது சேரப்போகும் அலுவலகத்தில் அதுதான் ஓடுகிறது என்றால் தயங்காமல் எடுங்கள்.

மற்றவை எதற்கு

மோங்கோடிபி தரவை டேபிளாக இல்லாமல் ஆவணங்களாக வைக்கிறது. ஒரு ஆவணத்தின் உச்சம் 16 எம்பி. ஒவ்வொரு பொருளுக்கும் முற்றிலும் வேறு வேறு பண்புகள், முழு ஆவணமாகவே எடுக்கிறீர்கள், குறுக்கே இணைத்துக் கேட்பது அரிது என்றால் பொருந்தும். டேபிள் வடிவம் யோசிக்கத் தேவையில்லை என்பதற்காக அதை எடுப்பது தவறு. வடிவம் எங்கும் போகாது, டேட்டாபேஸிலிருந்து உங்கள் நிரலின் இஃப் நிபந்தனைகளுக்கு இடம் மாறும், அவ்வளவே. சில புலங்கள் மட்டும் நெகிழ்வாக வேண்டுமென்றால் போஸ்ட்கிரெஸின் ஜேசான்பி வகையே போதும், 2014 முதல் இருக்கிறது.

ரெடிஸ் நினைவகத்தில் வேலை செய்வது. லாகின் செஷன், கேஷ் (தற்காலிகச் சேமிப்பு), கோரிக்கைகளின் எண்ணிக்கை வரம்பு போன்றவற்றுக்கு மிக வேகம். முதன்மைத் தரவுக்கான இடமல்ல. ஃபயர்ஸ்டோர் கைபேசி ஆப்களுக்கு விரைவான தொடக்கம் தரும், ஆனால் படிக்கும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் கணக்கு ஓடும். பட்டியல் பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் முழுத் தொகுப்பையும் படித்தால் பில் ஏறும். ஏஐ புராஜெக்டுக்கு வெக்டர் தேடல் (பொருளில் ஒத்தவற்றைத் தேடுவது) வேண்டுமென்றால் போஸ்ட்கிரெஸில் பிஜிவெக்டர் நீட்சியை முதலில் முயலுங்கள்.

கருவிகள்

எஸ்கியூலைட்டுக்கு டிபி பிரவுசர், எல்லாவற்றுக்கும் பொதுவாக டிபீவர் கம்யூனிட்டி பதிப்பு. இரண்டும் இலவசம். டிபீவரில் ஆட்டோ கமிட், மேனுவல் கமிட் என்று இரண்டு முறைகள் உண்டு, எதில் இருக்கிறீர்கள் என்பதை மேல்பட்டையில் பார்த்துவிட்டுத் திருத்துங்கள். வேர் இல்லாத டெலீட் ஆட்டோ கமிட்டில் ஓடினால் திரும்பாது. நீக்கும் முன் அதே நிபந்தனையுடன் செலக்ட் ஓட்டி எத்தனை வரிசை என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

எஸ்கியூஎல்கெமி, ஜாங்கோவின் ஓஆர்எம், பிரிஸ்மா போன்ற ஓஆர்எம்கள் (எஸ்கியூஎல்லை உங்களுக்காக எழுதித் தரும் நூலகங்கள்) நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் நேரடி எஸ்கியூஎல்லில் ஒரு சின்ன புராஜெக்டை முடித்த பிறகு அவற்றுக்குப் போங்கள். 150 மாணவர்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொருவரின் பேட்ச் பெயரையும் லூப்பில் தொட்டால், ஓஆர்எம் உள்ளுக்குள் 151 குவெரி (டேட்டாபேஸுக்கான எஸ்கியூஎல் கேள்வி) அனுப்பலாம். உங்கள் கணினியில் தெரியாது, தொலைவில் உள்ள சர்வரில் பக்கம் நகராது. ஓஆர்எம் அனுப்பும் குவெரிகளை லாகில் அச்சிடும் வசதியை முதல் நாளே இயக்கிவைத்தால் இது கண்ணில் படும்.

டேபிள் மாற்றங்களைக் கருவியின் சன்னலில் கிளிக் செய்து செய்யாதீர்கள். 001, 002 என்று எண்ணிட்ட எஸ்கியூஎல் கோப்புகளாக எழுதி கிட்டில் (நிரலின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கருவி) சேமியுங்கள், அல்லது அலெம்பிக் போன்ற மைகிரேஷன் கருவியைப் பயன்படுத்துங்கள்.

பயனர் தட்டியதை எஸ்கியூஎல் வரிக்குள் ஒட்டிச் சேர்க்கக் கூடாது. பெயரில் ஒற்றை மேற்கோள்குறி வந்தாலே குவெரி உடையும். விஷமம் செய்பவர் கையில் டேபிளே போகும். எஸ்கியூலைட்டில் மதிப்பின் இடத்தில் கேள்விக்குறி போட்டு, மதிப்புகளைத் தனியாகக் கொடுங்கள். மற்றவற்றிலும் இதற்கு இணையானது உண்டு.

மெதுவாக இருந்தால்

இண்டெக்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் புலங்களுக்கும் போடாதீர்கள், ஒவ்வொன்றும் எழுதுவதை மெதுவாக்கும். முதலில் குவெரிக்கு முன் எக்ஸ்பிளெய்ன் குவெரி பிளான் என்று சேர்த்து ஓட்டுங்கள், போஸ்ட்கிரெஸில் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ். எஸ்கியூலைட் ஸ்கேன் என்றால் முழு டேபிளையும் படிக்கிறது, சர்ச் என்றால் இண்டெக்ஸையோ கீயையோ வைத்துத் தேடுகிறது. பெரிய டேபிளில் ஸ்கேன் வந்தால் வேர் நிபந்தனையில் உள்ள புலத்துக்கு இண்டெக்ஸ் போடுங்கள். கட்டண டேபிளின் மாணவர் எண் போன்ற ஃபாரின் கீ புலங்களுக்கு எஸ்கியூலைட்டும் போஸ்ட்கிரெஸும் தாமாக இண்டெக்ஸ் போடாது. லைக் தேடலில் சொல்லின் முன்னேயே சதவீதக் குறி வந்தால் சாதாரண இண்டெக்ஸ் உதவாது.

பாதுகாப்பும் பேக்கப்பும்

டேட்டாபேஸ் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். 2017 தொடக்கத்தில், பாஸ்வேர்டு இல்லாமல் திறந்திருந்த பல்லாயிரக்கணக்கான மோங்கோடிபி தரவுத்தளங்களைத் தானியங்கி நிரல்கள் தேடிப் பிடித்து, அழித்துவிட்டுப் பணம் கேட்டன. உங்கள் நிரல் மட்டும் எட்டும்படி ஃபயர்வால் வையுங்கள். பாஸ்வேர்டைச் சூழல் மாறிகளுக்கான கோப்பில் வைத்து, அந்தக் கோப்பை கிட் தவிர்க்கும் பட்டியலில் முதல் கமிட்டுக்கு முன்பே சேருங்கள். ஒருமுறை கிட்டில் ஏறிவிட்டால் கோப்பை நீக்கினாலும் வரலாற்றில் இருக்கும். பாஸ்வேர்டையே மாற்ற வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் எஸ்கியூலைட் கோப்பை வெறுமனே நகலெடுப்பது பேக்கப் ஆகாது. வால் முறையில் அண்மைத் தரவு பக்கத்திலுள்ள வால் கோப்பில் இருக்கும், அது விடுபட்டால் கடைசிப் பதிவுகள் இல்லாத நகல்தான் கிடைக்கும். வேக்கியூம் இன்ட்டு கட்டளையோ கட்டளை வரியிலுள்ள பேக்கப்போ பயன்படுத்துங்கள். போஸ்ட்கிரெஸுக்கு பிஜி டம்ப். நாளுக்கு ஒருமுறை தானாக ஓடும்படி வைத்து, 7 நாள் நகல்களை வேறொரு கணினியில் சேமியுங்கள். மாதம் ஒருமுறை அவற்றில் ஒன்றைக் காலியான டேட்டாபேஸில் மீட்டு, கட்டண டேபிளின் வரிசை எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் அந்த நாளின் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.